சுதேசி பெஞ்சில் ஒரு பரதேசி

பி.ஏ. வகுப்பில் உலக சரித்திரம், அரசியல், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். திருநெல்வேலியில் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. "திருவனந்தபுரத்தில் இடம் கிடைத்தால் படி. இல்லையென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடு" என்றார் அப்பா. அதனால் சென்ற ஆனியில் புறப்பட்டேன். அதே யோசனையில் இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

துணைக்கு திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து அத்தையின் கணவர், எங்கள் அத்திம்பேர், வந்திருந்தார். காலை ஆறு மணிக்கு பஸ். நாகர்கோவில் வரை ஐம்பது மைல். அங்கே வண்டி மாறினால் இன்னும் நாற்பது மைல் சொச்சம். கணக்குப்படி அரைநாள் பயணம். ஆனால் நடுவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லை, ஆரல்வாய்மொழிச் சுங்கச்சாவடி இருக்கிறது.

"புகையில உண்டோ?" என்றார் சாவடிக்காரர்.

"எல்லாம் புஸ்தகம்."

"பெட்டி நெறையவா? கல்யாணத்துக்குப் போறதில்லையோ?"

"காலேஜுக்கு."

"ஓ!" என்று ஏற்கெனவே உலுக்கிய பூகோளப் படப் புத்தகத்தை இன்னொரு தரம் உலுக்கினார். ஐரோப்பா கழன்று கீழே விழுந்தது. நாகர்கோவிலில் மாற வேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டு, வலியசாலை போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

மறுநாள் பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனோம். தாழ்வாரத்தில் இரண்டு பெஞ்சுகள். பியூன் உரக்கச் சொன்னார்: "ஸ்வதேசிகள் இந்த பெஞ்சு, பரதேசிகள் அந்த பெஞ்சு. வேகம் இரிக்கணும், கேட்டோ!"

நான் கதர்ப் புடவை கட்டியிருந்தேன். வேறு யோசனைக்கு இடமேது? நிமிர்ந்து சுதேசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பரதேசி என்று சொன்ன பிறகும் சண்டை போடாமல் எதிரே உட்கார்ந்திருந்த பெண்களை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்களைத்தான் முதலில் பேராசிரியர் அறைக்குள் கூப்பிட்டு முடித்தார்கள். பிறகு எங்கள் பெஞ்சு. கடைசியாக என் முறை.

"எந்த தாலூக்கு?" என்றார் பியூன்.

"திருநெல்வேலி."

"அது பரதேசமல்லே! பரதேசிகள் எல்லாம் கழிஞ்சு. இனி அடுத்த வர்ஷம்."

"யாரைப் பார்த்து ஐயா பரதேசிங்கறீர்?"

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. அத்திம்பேர் ஓடி வந்தார். "ஸத்தம் போடாதேடி! இங்கே பரதேசின்னா சமஸ்தானத்துக்கு வெளியிலேர்ந்து வந்தவான்னு அர்த்தம். நாங்க நாலு தலைமுறையா வலியசாலையிலே இருக்கோம், எங்களையும் இன்னும் அப்படித்தான் சொல்றா. நான் கோச்சுண்டேனா?"

"இதை பஸ்ஸிலேயே சொல்லியிருக்கப்படாதா, அத்திம்பேர்?"

"நீ கேக்கலையே!"

வழி நெடுக, பழவங்காடியில் தேங்காய் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று நான் கேட்காமலே சொல்லிவந்த மனிதர் இவர்.

அதற்குள் பேராசிரியர் வெளியே வந்துவிட்டார். நாஞ்சில் நாட்டுக்காரர். "என்னம்மா தகராறு? நீ எதுக்கு இந்த பெஞ்சில இருந்தே?"

"சுதேசி பெஞ்சுன்னு சொன்னா. கதர் கட்டிண்டிருக்கேன், உட்கார்ந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, என்ன படிக்கணும்?"

"உலக அரசியலும் பொருளாதாரமும்."

"அப்போ சொல்லு. திருவிதாங்கூர் ஒனக்கு அந்நிய தேசமா?"

"அரைமணி முன்னாடி வரைக்கும் இல்லை, சார்."

அவர் என் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். பிறகு பியூனிடம், "இவளை உள்ளே விடும்" என்றார்.

"எந்த பெஞ்சு, சாரே? ஸ்வதேசி பெஞ்சிலேர்ந்து பரதேசியை விளிக்கான் பாடில்ல, அதாக்கும் சட்டம்."

பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "போய் அந்த பெஞ்சில ஒரு நிமிஷம் இரும்மா."

தாழ்வாரத்தைக் கடந்து, காலியான பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். பியூன் நான்கடி தூரத்தில் நின்று, ஊரையே கூப்பிடுவதுபோல் கத்தினார்: "பரதேசீ!"

எழுந்து போனேன். இடம் கிடைத்தது.

வரப்போகும் பெண்கள் கவனிக்க வேண்டியவை: நாகர்கோவிலிலேயே சமஸ்தானத்துச் சக்கரக் காசு மாற்றிக்கொள்ளுங்கள்; இங்கே கடைகளில் அதில்தான் விலை சொல்வார்கள். வீட்டுக்கு எழுதும் கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அது சமஸ்தானத்துக்குள் மட்டும் ஓடும் தனி ஏற்பாடு; வெளியூருக்கு பிரிட்டிஷ் தபாலாபீஸ் வேறு. புத்தகங்களைப் பெட்டியின் மேல்தட்டிலேயே வையுங்கள், எப்படியும் பிரிக்கத்தான் போகிறார்கள்.

முதல் வாரப் பாடம், தேசம் என்றால் என்ன, அதன் எல்லை எது என்பது. மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எனக்குத் தேவைப்படவில்லை. கதர் தாராளமாகக் கட்டுங்கள்; ஆனால் அந்தச் சொல்லால் கூப்பிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு உடனே எழுந்துவிடுங்கள். சண்டையை உள்ளே போய் வைத்துக்கொள்ளலாம். அதற்குத்தானே படிக்க வருகிறோம்.