கன்ட்ரோலருக்கு வைத்த பொட்டு

விஸ்வகர்மா பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது என்பது கொல்கத்தாவில் குழந்தைக்கும் தெரியும். எனக்கு வேலை வைப்பதே அன்றைக்குத்தான். ஊரே ஓய்வெடுக்கும்போதுதானே எல்லாவற்றையும் அணைத்துப்போட்டுப் பழுது பார்க்க முடியும்? பண்டிகை என்றாலே எனக்கு அலுப்பு.

அந்த வருடம் பாலிகஞ்சில் ஒரு ஸ்கேன் சென்டர். நோயாளிகளின் படங்களெல்லாம் ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் சேரும். அதை நடத்துபவை பின்பக்கம் செருகியிருக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள். வருகிற படத்தை முதலில் தங்கள் நினைவில் வாங்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாக டிஸ்க்கில் எழுதும். நடுவில் கரன்ட் போனால் அந்த நினைவைக் காப்பாற்ற ஒரு பேட்டரி உண்டு. செத்துப்போயிருந்தது அதுதான். மாற்றுவதற்கு முன் கன்ட்ரோலர்களை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். கொடுத்ததும் ஸ்கிரீனில் தொடர்பு போய்விடும். பிறகு நம்பக்கூடியது ஒவ்வொன்றிலும் இருக்கும் மிளகளவு பச்சை விளக்கு மட்டுமே. அது மினுக்கினால் இன்னும் எழுதவேண்டியது பாக்கி. அணைந்த பிறகே உருவலாம்.

பூஜைக்கு முன் எடுத்த அன்றைய கடைசி ஸ்கேன் ஓர் அம்மாளுக்கு. சாந்த்ராகாச்சிக்கு அப்பாலிருந்து கணவருடன் முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தார். ஏறக்குறைய என் வயது. ஈரலில் கட்டி, ஆபரேஷன் செய்யலாமா கூடாதா என்று டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். படம் தெளிவாக விழுவதற்கான மருந்து ஏற்ற நரம்பு அகப்படாமல் இரண்டு கையிலும் குத்தினார்கள்.

ஸ்கேன் எடுத்த திருநெல்வேலிக்காரி வந்து, "படம் பூரா அனுப்பிட்டேன்க்கா. இனி ஒங்க பாடு" என்றாள். இடம் போதாததால், அனுப்பியதுமே ஸ்கேன் மெஷின் தன் நகலை அழித்துவிடும்.

நான் கட்டளை கொடுத்த நேரம் பார்த்துப் பூசாரி தட்டோடு நுழைந்தார். மெஷின் ஒவ்வொன்றுக்கும் எண்ணெயில் குழைத்த சிந்தூரம். பெட்டியிருந்த ரேக்கின் பின்னால் அவரால் நுழைய முடியவில்லை. "திதி, ஆப்னி தின்", அக்கா நீங்களே வையுங்கள் என்று தட்டை என்னிடமே நீட்டினார். எனக்குப் பெரிய பக்தியும் கிடையாது, வேண்டாம் என்று சொல்லத் தெம்பும் கிடையாது. இருட்டில் கை எட்டிய இடத்தில், மேல் கன்ட்ரோலரில் ஒன்றும் கீழ் கன்ட்ரோலரில் ஒன்றுமாகக் கட்டைவிரலால் அப்பினேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, மேனேஜர் தலையை நீட்டி, "ஹோயே கேச்சே, திதி?" என்று முடிந்துவிட்டதா என விசாரித்தார். பார்த்தேன். விளக்குகள் எரியவில்லை. இவ்வளவு சீக்கிரமா என்று தோன்றத்தான் செய்தது. சீக்கிரம் முடிந்தால் நல்லதுதானே என்றது காலையிலிருந்து நின்ற கால்வலி. கரன்டை அணைத்து மேல் கன்ட்ரோலரை உருவினேன். கையில் வந்ததை டார்ச்சில் பார்த்தேன். என் சிந்தூரம் விளக்கின் மேலேயே அப்பியிருந்தது. கீழே இருந்ததிலும் அப்படியே.

பேட்டரியை மாற்றி எல்லாவற்றையும் எழுப்பியபோது மதியம் இரண்டு. திருநெல்வேலிக்காரி தேடினாள். "பேரு இருக்குக்கா. படத்தக் காணோம்."

மேனேஜர் வெளியே போய் மெஷின் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் அதுவே சௌகரியம். ஆனால் பூஜை நாளில் பொட்டும் வைத்துவிட்டு மெஷின் மேலேயே பழியும் போட மனசு வரவில்லை. கூடத்துக்குப் போய், தப்பு மெஷினுடையது இல்லை, என்னுடையது, படம் போய்விட்டது என்று வங்காளத்தில் சொன்னேன். கணவர் எழுந்து கத்தத் தொடங்கினார். கத்தட்டும் என்று நின்றேன்.

அந்த அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். இப்போதே மறுபடி எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். உடனே மறுபடி அந்த மருந்தை ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது, சில நாள் கழித்துத்தான் வரவேண்டும் என்றேன். அவர் தலையசைத்தார். பஞ்சு ஒட்டியிருந்த இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். படம் சரியாக வந்ததென்று சொல்லும்வரை வாயில் எதுவும் போடக்கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி.

"அப்படியானால் நான் இப்போது சாப்பிடலாமா?" என்று என்னைக் கேட்டார்.

சாப்பிடலாம் என்றேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.