காயாத களிமண்

புதன்கிழமை காலை, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வேலைக்குப் புறப்படுமுன் போன வாரத்துக் குறிப்பேட்டைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஓரிடம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு பசியாற முடியவில்லை.

நான் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எங்கள் ஆய்வாளர், தெப்ராவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். பேட்டரிக்குள் திரவத்துக்குப் பதிலாக வைக்கக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டைச் செய்துவருகிறார். பாலிமரில் லித்தியம் உப்போடு சிறிது களிமண் தூளும் கலக்க வேண்டும். களிமண்ணின் நுண்தகடுகள் பாலிமரை இறுகவிடாமல் வைத்தால் அயனிகள் எளிதாக நகரும். ஆனால் களிமண் ஈரத்தை ஒளித்துவைக்கும். கலக்குமுன் அதை ஆறு மணி நேரம் ஓவனில் காயவைப்பது என் வேலை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஓவனைப் போட்டபோதே 'ஆறு மணி நேரம்' என்று எழுதிவிட்டேன். பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே எழுதுவது என் பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் மதியத் தொழுகை நேரத்தில் கூடத்தைப் பூட்டுவோம். ஆளில்லாதபோது ஓவன் ஓடக்கூடாது. 12.15க்கு நிறுத்தியதற்குக் குறி இருந்தது. 2.45க்கு மறுபடி போட்டதற்குக் குறி இல்லை. பிற்பகல் முழுக்க மழை, காற்றிலும் ஈரம். ஐந்து மணிக்குத் தடித்த கையுறையோடு ஜாடியை எடுத்ததால் அது சூடாக இல்லை என்பதும் தெரியவில்லை.

அந்தக் களிமண்ணில் செய்த ஏடுதான் மற்றவற்றைவிடப் பத்து மடங்கு நன்றாகக் கடத்தியது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வின் கடைசி அத்தியாயமே அதை நம்பி இருந்தது.

கூடத்துக்குள் போய் இரண்டு முறை கை கழுவிவிட்டு அவரிடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் திரையிலிருந்து திரும்பவில்லை. "விளையாடாதீங்க லா அக்கா. பேராசிரியருக்கு ரிசல்ட்ட நேத்தே அனுப்பிட்டேன்."

"ஓவன் ஓடினது மூணே முக்கால் மணி நேரம்தான் மா."

"நீங்களா மறந்தீங்க? என் பேனா மூடியக்கூட நேரா வைக்கிறவங்க."

மீதமிருந்த ஏட்டை வெற்றிட ஓவனில் உலர்த்தினோம். நான் உட்காரவே இல்லை. நான்கு மணிக்கு அளந்தபோது பழைய ஏடுகளின் அளவுக்கே இறங்கியிருந்தது. அவ்வளவும் தண்ணீர் செய்த வேலை.

"அலமாக், போச்சே," என்றார் மெதுவாக. பிறகு, "பேராசிரியருக்கு நானே எழுதுறேன். நீங்க பக்கத்துல இருங்க."

ஐந்தரை வரை பேராசிரியரின் பதில் வரவில்லை. வந்ததா என்று மூன்று முறை கேட்டேன். நான்காவது முறை வாயைத் திறக்குமுன், "அக்கா, நாளைக்குப் புதுசா காய வைங்க. ஓவன் பக்கத்துல நான் உக்காந்துக்கிறேன்," என்றார்.

இத்தனை வருட வேலையில் எனக்குக் காவல் வைப்பது இதுதான் முதல் முறை. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.