தேருக்கு முதல்நாள் பார்த்த பிறசர்

பேரன் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் எங்கள் ஊர் முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளை உயிரோடு வீட்டுக்கு வந்தால் தேரன்று பிரதட்டை அடிப்பேன் என்று. தேங்காயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்தபடி, தேருக்குப் பின்னால் வீதி முழுக்க மணலில் உருளுவதுதான் பிரதட்டை. பிள்ளை வந்தான். இப்போது தவழுகிறான்.

எனக்கோ பிறசர், இரத்த அழுத்தம். "இது குறையாமல் உருளுற கதையே வேண்டாம்," என்றார் கிளினிக் டொக்டர். அதனால்தான் வாசிகசாலையில் நடந்த யோகா வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். பழக்குகிற பிள்ளை முதல் நாளே சொன்னாள்: "ஐயா, தலை கீழை போற ஆசனம் ஒண்டும் உங்களுக்கு வேண்டாம். மூச்சை அடக்கவும் கூடாது. எழும்பேக்கை வலப்பக்கம் சரிஞ்சு ஆறுதலா எழும்புங்கோ."

கைகால் தளர்த்தி மல்லாந்து கிடக்கும் சவாசனம் எனக்கு நன்றாக வந்தது.

"படுக்கிறதுக்கும் வகுப்போ? இதைத்தானே ஒவ்வொரு மத்தியானமும் வீட்டிலை செய்யிறியள்," என்று என் மனுசி சிரித்தாள்.

சவாசனம் முடிந்த கையோடு, மகள் தந்த பிறசர் மெசினைக் கையில் கட்டிப் பார்ப்பேன். நூற்றி முப்பத்தெட்டு. மனம் குளிர்ந்துவிடும்.

கோயிலில் கொடி ஏறியது. விரத நாட்களில் மத்தியானப் பூசை முடியும்வரை வாயில் தண்ணீரும் படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பிறசருக்கு விழுங்கும் காலைக் குளிசையை விட்டேன். குளிசையின் வேலையை ஆசனம் பார்த்துக்கொள்ளும் என்று என் புத்திக்குப் பட்டது. மனுசிக்குச் சொல்லவில்லை.

தேருக்கு முதல்நாள் காலை, பழகிப் பார்ப்போம் என்று கிணற்றடியிலிருந்து வேலிப்பக்கம் உருண்டேன். நாலாம் சுற்றில் மூச்சை என்னை அறியாமலே அடக்கிக்கொண்டேன். பயத்தில் சட்டென்று எழும்பி இருந்தேன். காதுக்குள் இரைச்சல். தேங்காய் கைநழுவி ஓடியது.

மனுசி மெசினோடு ஓடி வந்தாள். இருநூற்றி நாலு. நாடி நூற்றி இருபது.

"உருண்டால் ஏறத்தானே செய்யும்," என்றேன்.

"கதையாதேங்கோ. கதிரையிலை இருங்கோ."

கால்மணித்தியாலம் கழித்து மறுபடி பார்த்தாள். நூற்றி எண்பத்தாறு. உள்ளே போய்க் குளிசை அட்டையை எடுத்து வந்தாள்.

"இஞ்சருங்கோ, இதிலை ஏன் ஒண்டும் குறையேல்லை?"

"விரதமெல்லே."

"பேரனுக்கு வைச்ச நேர்த்திக்கு, அவன்ரை அம்மப்பாவை வீதியிலை கிடத்தவோ?"

"செய்யாட்டில் பிள்ளைக்கு ஏதும்..." அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் ஏசினார். "சவாசனத்திலை கொஞ்ச நேரம் இறங்கும். எழும்பி வேலை பார்க்கத் தொடங்கினால் திரும்ப ஏறும். உங்களுக்குக் குளிசையும் வேணும், ஆசனமும் வேணும்." அங்கேயே குளிசையை விழுங்க வைத்தார். பூசைக்கு முன்னம் விழுங்கியது தொண்டையிலேயே நிற்பதுபோல இருந்தது. பின்னேரம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள்.

மறுநாள் தேர். நான் உருளவில்லை. அர்ச்சனைத் தட்டோடு நின்ற மனுசி திடீரென்று தட்டை என் கையில் தந்துவிட்டு, தேருக்குப் பின்னால் அடியழிக்கத் தொடங்கினாள். விழுந்து கும்பிட்டு, எழும்பி, கை தொட்ட இடத்தில் கால் வைத்து மறுபடி விழுந்தாள். மணல் கொதித்தது. தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் நடந்தேன். அவள் விழும் ஒவ்வொரு முறையும் போத்தல் மூடியைத் திறந்து மூடினேன். தெற்கு வீதியில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஆறுதலா எழும்பும். மூச்சை அடக்காதேயும்."

"உங்கடை வகுப்பை இஞ்சை எடுக்க வேண்டாம். அரோகரா சொல்லிக்கொண்டு வாங்கோ."

வடக்கு வீதி தாண்டி அவள் கோயில் வாசலுக்கு வந்து கும்பிட்டு எழும்பியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. என் நேர்த்தி தீர்ந்ததோ, முருகன் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ, எனக்குத் தெரியாது. குளிசை அட்டையை மனுசி சுவாமிப் படத்தடியில் வைத்திருக்கிறாள். காலையில் விபூதி பூசின கையோடு அதை எடுக்கிறேன்.