மச்சான் ஊதாத விசில்

இந்தியானாவில் குளிர்காலத்துத் திங்கட்கிழமைகளில் காலையில் வந்ததும் யாரும் வேலையைத் தொடங்குவதில்லை. முதலில் ரெஃபரியைத் திட்டி முடிக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டு, சனிக்கிழமை நடந்த கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைப் பிரித்து மேய்வார்கள். தலை நரைத்த பேராசிரியர், அந்த ரெஃபரிக்குக் கண் வைக்கவேண்டிய இடத்தில் கடவுள் பொத்தானை வைத்துத் தைத்துவிட்டார் என்பார். எதிர் மேசைக்காரர் வால்டர், கரும்பலகையில் இருக்கும் ரசாயனச் சமன்பாடுகளை அழித்துவிட்டு ஆடுகளம் வரைந்து, பந்தோடு நடந்தவன் எந்த இடத்தில் நடந்தான், ரெஃபரி எந்த இடத்தில் நின்று கோட்டைவிட்டார் என்று விளக்குவார். சாக்பீஸ் தூள் காப்பியில் விழும். அப்புறம் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் விசாரித்தால் ஒருவருக்கும் கோபம் மிச்சம் இருக்காது. அடுத்த சனிக்கிழமை அதே ரெஃபரியைப் பார்த்தால் முதுகில் தட்டிக் கை கொடுப்பார்கள்.

வந்த புதிதில் இதைப் பார்த்து எனக்கு உடம்பு கூசியது. எங்கள் திண்டுக்கல் கல்லூரி மைதானத்தில் ரெஃபரி விசில் ஊதினால், யார் மேல் குற்றமோ அவன் கையை உயர்த்தி நிற்பான். நியாயமோ அநியாயமோ, வாயைத் திறக்க மாட்டான். அதற்காக மறந்துவிடுவோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இவர்கள் கத்திக் கரைத்துவிடுகிறார்கள். நாங்கள் மென்று விழுங்கி உள்ளே வைத்துக்கொள்கிறோம். அப்படி விழுங்கியது ஒன்று கடல் தாண்டி வந்தும் எனக்குச் செரிக்கவில்லை. ஊரிலிருந்து வரும் பத்திரிகைக்கு எழுதுவதென்றால் பனியையும் சுத்தமான தெருக்களையும் பற்றி எழுத வேண்டும் என்பது வழக்கம். நான் ஒரு விசிலைப் பற்றி எழுதுகிறேன். அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன்.

ஊரில் நயா பைசா நாணயம் வந்த புதிது. மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிகிற மண் ஆடுகளம். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். மதுரைக் கல்லூரி ஒன்றுக்கும் எங்களுக்கும் இறுதி ஆட்டம். எங்கள் பேட்டையான பேகம்பூரில் பாதிப் பேர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்கள். ரயில்வேயிலிருந்து அதிகாரி ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயிக்கிற அணியிலிருந்து இரண்டு பேரை ரயில்வே அணிக்கு எடுத்து வேலையும் கொடுப்பதாக எங்கள் உடற்பயிற்சி ஆசிரியரிடம் சொல்லியிருந்தார். ஒருவன் நான்தான் என்று ஆசிரியரே என் அத்தாவிடம் சொல்லிவிட்டார். அப்பாவை அத்தா என்போம்; அவருடைய தோல் வியாபாரம் படுத்துக் கிடந்த காலம். வீட்டில் எனக்கு அன்று தனியாக இரண்டு முட்டை.

ரெஃபரி என் அக்காவின் கணவர், காஜா மச்சான். உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் டிரில் மாஸ்டர். ரெஃபரி பரீட்சை எழுதித் தேறியவர் அப்போது ஊரில் அவர் ஒருவர்தான். எனக்குப் பந்தை முதலில் கையில் கொடுத்தவரும் அவர்தான். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மதுரைப் பயிற்சியாளர் அவரிடம் வந்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "என்ன சார், இன்னிக்கு உங்க வீட்டு மாட்ச்சுன்னு சொல்றாங்க." மச்சான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவருடைய காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி முன்னால் இருக்கிறோம். மதுரைக்காரர்களின் நெட்டையன் பந்தோடு ஓரமாக வந்தான். அவனைக் கோட்டுப் பக்கம் நெருக்கிக்கொண்டு போனவன் நான். அவனுடைய வலது கால் சுண்ணாம்புக் கோட்டின் மேல் முழுசாகப் பதிந்தது. நான் நின்றுவிட்டேன். கோட்டை மிதித்தாலே அவுட்; விசில் வந்தாக வேண்டும். மச்சான் நாலு அடி தூரத்தில், கோட்டைப் பார்த்துத்தான் நிற்கிறார். விசில் வரவில்லை. நெட்டையன் உள்ளே திரும்பிப் பந்தைப் போட்டான். அவர்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து எங்கள் கைக்கு வந்தது, எனக்குக் கொடுத்தார்கள். ஒருவனை ஏமாற்றி, விதிப்படியான இரண்டு அடி வைத்து எழும்பிப் போட்டேன். வளையத்தைத் தொடாமல் இறங்கியது. பேகம்பூர் முழுக்க எழுந்து நின்றது. இப்போது விசில் வந்தது. மச்சான் இரண்டு கையையும் சுற்றிக் காட்டினார். ரன்னிங். பந்தோடு ஓடினேனாம். கூடை செல்லாது. நான் கையை உயர்த்தி நின்றேன்.

கூட்டம் கலைந்தபிறகு எங்கள் அணிப் பையன்கள் அந்தக் கோட்டைப் போய்ப் பார்த்தார்கள். சுண்ணாம்பில் ஒரு பூட்ஸ் தடம் அச்சுப் போட்டாற்போல் இருந்தது. அந்த அதிகாரி ஜெயித்த அணியிலிருந்து நெட்டையனையும் இன்னொருவனையும் எடுத்துக்கொண்டார்.

இந்தக் கதையை ஒருமுறை வால்டரிடம் சொன்னேன். அவர் கரும்பலகையில் படம் வரைந்து, நெட்டையனின் காலை நான் சொன்ன இடத்தில் வைத்து, நியாயமாகக் கொதித்தார். ரெஃபரி என் அக்காவின் கணவர் என்று சொன்னதும் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படியானால் உன் அக்காவோடு அவருக்குச் சண்டையா?"

"இல்லை. அக்காள் என்றால் அவருக்கு உயிர்."

"மதுரைக்காரர்கள் பணம் கொடுத்தார்களா?"

"அவர் அடுத்தவர் கையால் தேநீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார்."

"உன்னைப் பிடிக்காதா?"

"என்னைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். அதனால்தான் ஊதவில்லை."

என் ஆங்கிலத்தில்தான் ஏதோ கோளாறு என்று வால்டர் நினைத்திருப்பார். "சரி, அவருக்குக் கண்ணாடி வாங்கி அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்கு எப்படி விளக்குவது? எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் தம்பி பசியோடு வாளி தூக்கிப் பரிமாறிக்கொண்டு நிற்பார்கள். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடிச்சட்டியில் இருப்பதைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். வீட்டு ஆள் என்றால் கடைசி. அதுதான் மரியாதை. அந்த மரியாதையைத்தான் மச்சான் ஆடுகளத்துக்கும் கொண்டுவந்தார்.

இது என் ஊகமில்லை, அவரே சொன்னது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அக்காள் வீட்டில் சாப்பாடு. போகமாட்டேன் என்று நின்ற என்னை அத்தா அதட்டி அனுப்பினார். மச்சானும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அக்காள் கறியை அள்ளி என் தட்டில் வைத்தாள்.

"கோட்டுல மிதிச்சத நீங்க பாக்கலையா மச்சான்?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன் மாப்ளே" என்றார்.

"பெறகு ஏன் ஊதல?"

"ஊதுனா என்ன சொல்வாய்ங்க? மச்சினனுக்காக ஊதுனான்னுதான சொல்வாய்ங்க. ஆட்டத்துக்கு முன்னாலயே சொல்லிட்டான்ல அந்த ஆளு."

"நான் ஓடவே இல்லையே. அதுக்கு ஊதுனீக."

"அது சந்தேகமா இருந்துச்சு. சந்தேகம்னு வந்தா நம்ம ஆளுக்கு எதிராத்தான் குடுக்கணும். கல்யாண வீட்டுல நம்ம கடேசிப் பந்தியிலதான உக்காருறோம், அந்த மாதிரி வச்சுக்க."

"கடேசிப் பந்தியில சோறாச்சும் இருக்கும் மச்சான்."

அவர் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்தார். அக்காளுக்குத் தாளவில்லை. "சாப்புடுற எடத்துல என்ன வெளாட்டுப் பேச்சு? அவுக வேணும்னா செஞ்சாக? ஒனக்கு இன்னொரு வேல கெடைக்காமயா போயிரும்?" என்றாள். கறியை மறுபடியும் அள்ளி வைத்தாள். வேண்டும் என்றேதான் செய்தார் என்பதை அவர் அப்போதுதான் தன் வாயாலேயே சொல்லி முடித்திருந்தார். வைத்த கறியைத் தொடாமல், நான் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தேன். அந்த வீட்டில் நான் அப்படி எழுந்தது அதுதான் முதல் தடவை.

பார்க்காமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். மனிதனுக்கு இருப்பது இரண்டு கண். பார்த்துவிட்டு, தன் பெயரையும் என் பிழைப்பையும் தராசில் வைத்து, பெயர் பக்கம் சாய்ந்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெயரும் நன்றாகவே கிடைத்தது. பேகம்பூர் டீக்கடைகளில் கொஞ்ச காலம் அதே பேச்சு. "சொந்த மச்சினன்னுகூடப் பாக்கலப்பா. ரெஃபரின்னா அவருதான்" என்று என் காதுபடச் சொன்னார்கள். பூட்ஸ் தடத்தைத் தம் கண்ணால் பார்த்தவர்களும் சொன்னார்கள். மதுரையிலிருந்து பெரிய ஆட்டங்களுக்கெல்லாம் மச்சானைக் கூப்பிட்டார்கள். அத்தாவிடம் போய் அழாக்குறையாகச் சொன்னேன். "மாப்ள நம்ம குடும்பத்து மானத்தக் காப்பாத்திட்டாரு அப்பு. செத்த பொறுத்துக்க" என்றார். முட்டை வாங்கிக் கொடுத்த அத்தாவே. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஊரில் இனி எனக்கு யாரும் ரெஃபரியாக இருக்க வேண்டாம் என்று. ரசாயனத்தைப் பிடித்துக்கொண்டேன். சென்னை, அங்கிருந்து கப்பல், கடைசியில் இந்தப் பனி.

இதுவரை சொன்னது பழைய பகை. போன மாதம் நடந்ததற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்து ஆட்களுக்கும் இந்திய மாணவர்களுக்கும் பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு நட்பு ஆட்டம். கோப்பை கிடையாது; தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித்தர வேண்டும், அவ்வளவுதான். வரவேண்டிய ரெஃபரி பனியில் மாட்டிக்கொண்டார். வால்டர் விசிலை என் கழுத்தில் மாட்டி, "எங்களோடு வேலை பார்க்கிறாய், அவர்களோடு சாப்பிடுகிறாய். உன்னைவிடப் பொதுவான ஆள் கிடையாது" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது.

இந்தியப் பையன்களில் நன்றாக ஆடியவன் தங்கவேல் என்று பழனிப் பக்கத்துப் பையன். ஆட்டம் முடிய இன்னும் சில விநாடிகள்தான். அவர்கள் ஒரு புள்ளி பின்னால். தங்கவேல் கூடைக்குக் கீழே எழும்பினான். வால்டர் பின்னாலிருந்து கையை வீசினார். பந்தைத் தொடவில்லை, அவன் மணிக்கட்டில் விழுந்தது. சந்தேகமே இல்லை, சத்தம்கூடக் கேட்டது. விசில் என் வாயில் இருந்தது. வால்டர் என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் என்னையறியாமல் எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: ஊதினால் ஊர்க்காரனுக்காக ஊதினான் என்பார்கள், விட்டுவிடு. காஜா மச்சானின் பயம் இத்தனை பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தெரிந்ததால் அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை, கூடியது. எனக்கும்தான் பயம் வந்தது. ஆனாலும் நான் ஊதினேன்.

தங்கவேலுக்கு யாரும் தடுக்காமல் எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டையும் போட்டான்; ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். ஆட்டம் முடிந்தது.

வால்டர் கத்துவார், கரும்பலகைக்கு இழுத்துக்கொண்டு போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டார். "பரவாயில்லை. உன் ஊர்ப் பையன். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்" என்றார். நீங்கள் அடித்தீர்கள் வால்டர், நான் பார்த்தேன் என்றேன். "ஆமாம், ஆமாம்" என்று கண்ணைச் சிமிட்டினார். நான் செய்யாத குற்றத்துக்கு என்னை மனதார மன்னித்துவிட்டார்.

அந்தப் பக்கமிருந்து தங்கவேல் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "ரொம்ப நன்றிங்ணா. இதுக்கெல்லாம் இங்க யாரும் ஊத மாட்டாங்க. நம்மூர்க்காரன்னு பாத்து ஊதினீங்க பாருங்க, அத மறக்கவே மாட்டேனுங்க" என்றான். அவன் மணிக்கட்டில் வால்டரின் விரல்கள் பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. "அடி பட்டுச்சா இல்லையா தம்பி?" என்று கேட்டேன். "பட்டா என்ன, படாட்டி என்னங்ணா, நம்ம ஆளு நீங்க" என்றான்.

கூடத்துக்கு இரண்டு வாசல். கார் நிற்கும் பக்கத்து வாசலில் வால்டர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஐஸ்கிரீம் நாளைக்கு என்றும், என்னை வீட்டில் கொண்டுபோய் விடுவதாகவும் சத்தம் போட்டார். விடுதிப் பக்கத்து வாசலில் தங்கவேலும் பையன்களும், "வாங்கண்ணா, ரசம் வெச்சிருக்கு" என்று கூப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் குளிர்காற்று உள்ளே வந்தது. இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் பார்த்ததற்குத்தான் ஊதினேன் என்று நம்ப ஒருவரும் இல்லை. நான் ஆடுகளத்தின் நடுவில் குனிந்து, அவிழாத பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினேன்.