சோளப் பற்கள்

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருந்த டைனோசர் மண்டையோட்டின் முன் என் பேத்தி வாயைப் பிளந்து நின்றாள். இறைச்சி தின்னும் இனமாம். ஒவ்வொரு பல்லும் வாழைப்பழ நீளம். காணாமல் போன சில பற்களைப் பிளாஸ்டரில் செய்து பொருத்தியிருப்பதாகக் கீழே எழுதி வைத்திருந்தார்கள். படித்ததும் அத்தையின் கணவர், என் மாமா, நினைவுக்கு வந்துவிட்டார்.

போரில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் மலாக்கா காஜா பேராங்கில் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் அப்போது சிறுவன். சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலைதான், வீட்டுக்கு அரிசி வரும் என்று ஆள் பிடித்தார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றே வற்றிப்போயிருந்த மாமா அதை நம்பிப் போனார். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு முன்பல் இருக்காது. அந்தச் சிரிப்போடுதான் லாரியிலிருந்து கையாட்டினார். அரிசியும் வரவில்லை, அவரும் வரவில்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவர், மாமா வாந்திபேதியில் போய்விட்டதாகவும், செத்தவர்களை எல்லாம் ஒரே குழியில் தள்ளியதாகவும் சொன்னார். கருமாதி செய்தாக வேண்டும் என்றார் பெரியப்பா. அத்தை தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எலும்பு ஒண்ணு காட்டுங்கண்ணே, நம்புறேன்.”

“சயாம் காட்டுல யாரும்மா எலும்பு பொறுக்கித் தருவா?”

உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பது எங்கள் வழக்கம். தலைக்குத் தேங்காய், பல்லுக்கு மாதுளை விதை. அந்தப் பஞ்சத்தில் மாதுளைக்கு எங்கே போவது? பெரியப்பா மரவள்ளி மாவைப் பிசைந்து தேங்காயில் வாயாக அப்பி, அதில் சோள மணிகளை வரிசையாகப் பதித்தார். அதைப் பார்த்து எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சுற்றி நின்ற பெரியவர்களுக்கும் ஊறியிருக்கும். பசி அப்படி. பாடையைத் தூக்கப் போகும்போது அத்தை வந்து குனிந்து அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு மேல்வரிசையிலிருந்து ஒரு மணியை நகத்தால் பெயர்த்தெடுத்தாள்.

“அவருக்கு இந்தப் பல்லு இல்லண்ணே.”

சொன்ன பிறகுதான் அழுதாள். எங்கள் வீட்டில் மாமா இறந்தது அப்போதுதான்.

“தாத்தா, இதுல எது பொய்ப் பல்லு?” என்று பேத்தி கேட்டாள். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவ்வளவு அக்கறையாகச் செய்திருந்தார்கள். இந்த மிருகத்தைத் தோண்டி எடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் போயிருக்கிறார்கள், பெயர் வைத்திருக்கிறார்கள், விளக்குப் போட்டிருக்கிறார்கள். மாமா கிடக்கும் குழி எதுவென்று தேடிப் போக ஒரு நாதி இல்லை. அத்தை கேட்டது ஒரே ஒரு எலும்பு.