முள் ஜீரோவில் நின்றது

என் வீட்டுக்காரர் லிங்கராஜுக்கு ஜீரோ என்றால் பயம். சிரிக்காதீர்கள், நானும் முதலில் சிரித்தவள்தான். கழக்கூட்டத்து ஹாஸ்டல் மாடிகளில் சோலார் மாட்டுகிறவர், வீட்டில் பல்பு மாற்ற மெயினை அணைத்த பிறகும் திரும்பத் திரும்பச் சோதிப்பார்.

எல்லாம் போன வருஷம் வந்த வினை. வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற மீட்டர் பழுது. வேலை நிற்கக்கூடாது என்று காண்ட்ராக்டர் குதித்தார். இவர், உள்ளே சுருளும் மேலே முள்ளும் உள்ள பழைய மூவிங் காயில் மீட்டர் ஒன்றை ஐந்நூறு வோல்ட் காட்டும்படி மாற்றினார். முள் கடைசிக் கோட்டைத் தொட ஒரு மில்லியாம்பியர் போதும். அப்படியானால் மொத்தத் தடை ஐந்து லட்சம் ஓம். அதில் சுருளின் நூறு ஓமைக் கழித்து, மீதியைத் தொடரில் சேர்க்க வேண்டும். கணக்கில் பிசகே இல்லை. ஆனால் அத்தனையையும் ஒரே சின்ன ரெசிஸ்டரின் தலையில் கட்டிவிட்டார். ஐந்தாகப் பிரித்திருந்தால் தாங்கியிருக்கும்.

உச்சி வெயிலில், மாடியில், அது உள்ளுக்குள் அறுந்துபோனது. கரண்ட் உள்ள வயரில் வைத்தும் முள் அசையவில்லை.

“அண்ணே, முள்ளு ஜீரோல நிக்கி. கை வைக்கட்டா?” என்றான் கூட வேலை பார்த்த செல்வமணி.

“வைலே,” என்றார் இவர்.

தொட்ட செல்வமணி கரண்ட் அடித்து அங்கேயே செத்துப்போனான். சோதிக்காமல் தொட்டான் என்றார் காண்ட்ராக்டர். இவர் மீட்டரை வீட்டில் பிரித்துப் பார்த்து, அறுந்த ரெசிஸ்டரைக் கண்டும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து ‘கை வைக்கட்டா?’ என்ற அந்தக் குரல் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது. சோறு பிசைகிற கை அப்படியே நிற்கும், “கேட்டியா?” என்பார். மீட்டரின் மூடியைத் துணியால் துடைத்தால் முள் தானாக எழும். உரசினால் மூடியில் கரண்ட் ஏறி முள்ளை இழுக்கும், அவ்வளவுதான் என்று சொல்லித்தந்தவரே எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

செல்வமணியின் அம்மா கோமதியம்மாள் பழவங்காடியில் பூ விற்கிறாள். “பாத்துத் தொட்டா என்னல?” என்று மகன் படத்தைத் தினமும் ஏசுகிறாள் என்று கேள்விப்பட்டதும் இவரால் தாங்க முடியவில்லை. போய் எல்லாவற்றையும் சொன்னார். நானும் கூட நின்றேன்.

“அப்ப எம்புள்ள பாத்துட்டுத்தான் தொட்டானா?” படத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். “ஒரு தப்பும் செய்யாத புள்ளயல்லா ஏசிப்போட்டேன்.” பிறகு இவரைப் பார்த்தாள். “இனி ஒன்னத்தாம்டே ஏசுவேன்.”

ஏசட்டும் என்று இவர் தினமும் வேலைக்குப் போகும்முன் அவள் கூடைக்கு முன்னால் போய் நிற்கிறார். அவள் பூக் கட்டுகிறாள், நிமிர்வதே இல்லை. ஒரு வார்த்தை ஏசித் தொலையம்மா என்று நான்தான் மனதுக்குள் கெஞ்சுகிறேன்.