ரோதீயா என்றால் முழங்கால்

நான் ஒட்டுக்கேட்டவள். கேட்டதை வைத்து ஒரு பொய்யும் சொன்னவள். என் மருமகள் பிலாருக்கு இன்றுவரை இது தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பிலார் ஸ்பெயின் நாட்டுப் பெண். வேலைக்குப் போன இடத்தில் என் மகன் அவளைக் கட்டிக்கொண்டு, சிட்லபாக்கத்துக்கே அழைத்து வந்துவிட்டான். தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஹாலில் உட்கார்ந்து போனில் தன் அம்மாவோடு ஸ்பானிஷ் பேசுவாள். பேச்சுக்குப் பேச்சு, "சீ... சீ..."

நான் வைத்த வஞ்சிர மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, என் எதிரிலேயே சீயா! நீங்களாக இருந்தால் பொறுப்பீர்களா? என்னதான் சொல்கிறாள், பார்த்துவிடுவோம் என்று தொடங்கியதுதான் என் ஸ்பானிஷ் படிப்பு.

படிப்பு என்றா சொன்னேன்? மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இதை எழுதவே நாலு நாளாகிறது. ஆனால் காது நின்றுவிடவில்லையே! போனில் பாடம் சொல்லும் குரல் ஒன்று உண்டு. அதைக் காதில் மாட்டிக்கொண்டு காலையில் ஏரிக்கரையில் நடப்பேன். அது சொல்லும், நான் திருப்பிச் சொல்வேன்.

"இன்னாக்கா, தனியா பேசிகினு போறே? வூட்ல சண்டையா?" என்பாள் கூட நடக்கும் ஸ்டெல்லா.

"ஜெபமாலை சொல்றேண்டி. வாய மூடிக்கிட்டு நட."

முதல் வாரமே தெரிந்துவிட்டது, சீ என்றால் ஆமாம். வெட்கமாகப் போயிற்று! அத்தோடு நிறுத்தியிருக்கலாம்... ஆனால் ருசி கண்டுவிட்டேனே. நாளைக்கு என்பது அங்கே "மஞ்ஞானா". சின்னப் பெண் "நீஞ்ஞா". பள்ளிக்கூடத்தில் சுழிக்கத் தெரியாமல் அடி வாங்கிய அந்த ஞ, இந்த வயதில் என் வாயில் வந்து கொஞ்சியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

இரண்டு வருடத்தில் பாதிப் பேச்சு புரிந்தது. ஒருநாள் பிலார் தன் அம்மாவிடம் சொன்னாள்: கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், மூன்று மாதம் இருப்போம், அத்தையிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருக்கிறது.

மூன்று மாதம்! அப்படியே அங்கேயே தங்கிவிட்டால்...?

அவள் வாய் திறப்பதற்குள் நான் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். "ஐயோ, முட்டி... எழுந்திருக்க முடியலடா!" மகன் பதறினான். பிலார் என் காலைத் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்தாள். ஒரு வலியும் இல்லாத கால்! மறுநாள் போனில் அம்மாவிடம் அழுதாள். "ரோதீயா" என்று ஒரு புதுச் சொல் காதில் விழுந்தது. பாடத்தில் தேடினேன். முழங்கால்.

பயணம் நின்றது. வேஷம் கலையாதிருக்க என் ஏரிக்கரை நடையும் நின்றது. என்னிடம் அவள் கேட்கவே இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கோபம், பொறாமை எல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் விழுங்கிவிடுகிறேன். அவளிடமே போய்ச் சொல் என்பாரே! சொன்னால் என் எதிரில் பேசுவாளா? அந்த மத்தியானக் குரல் இல்லாமல் எனக்கு இப்போது சோறு செரிக்காது. இந்த வீட்டில் அவள் தாழ் போட்டுக்கொள்ள இருக்கும் ஒரே அறை அந்த மொழி. அதற்குள் நான் வசதியாக உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவள் அம்மாவைக் காட்டினாள். வெள்ளைத் தலை. என் வயதுதான். என்னைப் பார்த்ததும் மடமடவென்று பேசினாள். ஒரு வருடமாக, தினமும், என் முழங்காலுக்காகத் தன் ஊர் மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றுகிறாளாம்! நான் நடந்துவிட்டால் மகள் தன்னைப் பார்க்க வருவாளாம்...

பிலார் பாதியை விழுங்கிவிட்டு, "அத்தை, உங்க முட்டி எப்படி இருக்குன்னு அம்மா கேக்கறாங்க" என்றாள்.

எல்லாம் புரிந்தவள், ஒன்றும் புரியாத முகத்தோடு இருந்தேன்.

"நல்லாயிடுச்சுன்னு சொல்லும்மா. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீங்க ரெண்டு பேரும் அங்க போயிட்டு வாங்க."

"நிஜமாவா அத்தை!"

அவள் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். மாதா செய்த புதுமை இது, பெரிய அற்புதம், ஊரெல்லாம் சொல்வேன், இனி நன்றிக்குத் தினமும் ஒரு திரி ஏற்றுவேன் என்றாள்.

பிலார் என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்ததில் இதைத் தமிழில் சொல்ல மறந்துவிட்டாள். எனக்குத்தான் புரிந்துவிட்டதே!